அம்மாவும் பந்தியில் அமரட்டும்!

பெருநாள் வந்துவிட்டதென்றால் வீடு நிறைந்துவிடும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிள்ளைகள் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் வந்து சேருவர். கடல் கடந்து சென்றவர்களுள் ஓரிருவர் வருவதும் உண்டு. முன்விறாந்தையில் பேரப்பிள்ளைகளின் ஆரவாரம்; மண்டபத்தில் மாமன்மாரின் அரசியல் வாதம்; அறைகளிலே புத்தாடையின் சரசரப்பு. இவை யாவற்றுக்கும் அப்பால், குசினியின் புகைக்கூட்டின் கீழே, ஒருவர் மட்டும் எமக்கு முதுகைக் காட்டியவாறு நின்றுகொண்டிருப்பார். அவரே அவ்வீட்டின் தாய்.

பெருநாளைக் கொண்டாடுவோர் யார், பெருநாளைச் சமைப்போர் யார் என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. விருந்து சுவையாக இருந்தாற் போதுமென்று இருந்து விடுகின்றோம். விருந்து சுவையாகவும் இருக்க வேண்டும்; அதனைச் சமைத்தவரும் உடனிருந்து உண்ண வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கைகூடுமா? கைகூடும் என்பதே எமது அனுபவம். அதற்கு வேண்டியது செல்வமன்று; முதல்நாள் சற்று யோசித்துச் செய்யும் ஆயத்தமேயாகும்.

எம் வீட்டு அப்பச்சட்டி

எமது இல்லத்தில் நத்தார்க் காலையென்றால் அப்பந்தான். நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்ப இரண்டு மணியாகும். பிள்ளைகள் பாலன் குடிலைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவர். காலை ஒன்பது மணிக்குப் பின்னரே ஒவ்வொருவராக எழும்புவர். அப்பொழுது எல்லோருக்கும் பசியாக இருக்கும். அன்னையாரோ அதற்கு முன்னரே எழுந்து, முதல்நாள் கப்பி காய்ச்சிப் புளிக்க வைத்த மாவைக் கலக்கி, அடுப்பின் முன் நிற்பார்.

அப்பத்தின் இயல்பை அறியாதவர் இல்லை. அஃது ஒவ்வொன்றாகச் சுட வேண்டிய பண்டம். மாவை வார்த்து, சட்டியைச் சுழற்றி, மூடி, கரை சிவந்து நடு வெந்ததும் எடுத்தல் வேண்டும். சுட்டவுடன் உண்டால் அமிர்தம், ஆறவிட்டால் தோல். பன்னிரண்டு பேர் இருக்கும் பந்தியிலே ஆளுக்கு நான்கு அப்பமென்றால் நாற்பத்தெட்டுத் தடவை சட்டியைச் சுழற்ற வேண்டும். ஒரு சட்டியில் ஓர் அப்பத்துக்கு மூன்று நிமிடமென்று கொண்டாலும், ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் ஆகும்.

ஒரு நத்தாரன்று ஐந்து வயதுப் பேத்தியொருத்தி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினி வாயிலிற் போய் நின்றாள். “அம்மம்மா, நீங்கள் எங்களோட இருந்து சாப்பிட மாட்டியளோ?” என்று கேட்டாள். “நீ சாப்பிடு பிள்ளை, நான் பிறகு சாப்பிடுவன்” என்றார் அன்னையார். அந்தப் ‘பிறகு’ எப்பொழுது வந்தது என்பதை அன்றுதான் கவனித்தோம். நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு மாப்பானை வெறுமையாயிற்று. அவருக்கென எஞ்சியிருந்தது முதலிற் சட்டியில் ஒட்டிப் பிய்ந்துபோன ஓர் அப்பமும், ஆறிப்போன சம்பலுமே. அதனையும் அவர் நின்றவாறே உண்டார். ஏனெனில், மதியச் சமையலுக்கு உலை வைக்க வேண்டியிருந்தது.

இது முப்பது வருடத்துக்கு மேலாக எமது கண்முன் நடந்துவந்த செயல். ஆயினும், ஒரு குழந்தை கேட்கும் வரை நாம் அதனைக் காணவில்லை. அடுத்த நத்தாருக்கு இந்த முறையை மாற்ற வேண்டுமென்று அன்றே தீர்மானித்தோம்.

இடைநேர உணவு

காலையுணவுக்குப் பிந்தியும் மதியவுணவுக்கு முந்தியும், இரண்டுக்கும் பதிலாக ஒரே தடவை உண்ணும் வழக்கத்துக்கு ஆங்கிலேயர் ‘பிறஞ்ச்’ என்று பெயரிட்டனர். ‘பிறேக்பாஸ்ற்’, ‘லஞ்ச்’ என்னும் இரு சொற்களையும் ஒட்டி ஆக்கிய சொல் அது. 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையினால் அச்சொல் பரவிற்று என்பர். சனி இரவு கண்விழித்தவர்கள் ஞாயிறு காலையில் வேளைக்கே எழும்ப வேண்டாம். தாமதித்து எழுந்து, யாவரும் கூடி மகிழ்ச்சியாக உரையாடி உண்ணட்டும் என்பது அவருடைய வாதம்.

இந்தப் பெயர் எமக்குப் புதிதாயினும் பொருள் புதிதன்று. முற்காலத்தில் நற்கருணை பெறும் கத்தோலிக்கர் நள்ளிரவு முதல் யாதொன்றும் உண்ணாதிருந்து காலைப் பூசைக்குச் செல்வர். 1953ஆம் ஆண்டில் நீர் அருந்துவதற்குப் பொதுவான அனுமதி கிடைத்தது. 1957இல் அந்நோன்பு மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் குறைக்கப்பட்டது. அக்காலத்துப் பாட்டிமார் பூசையால் பசியோடு திரும்பும் குடும்பத்துக்காகப் பலகாரத்தையும் சம்பலையும் முன்னரே செய்து மூடிவைத்தனர். தீபாவளியன்று எண்ணெய் முழுக்கும் கோயில் வழிபாடும் முடித்து வருகின்ற வீடுகளிலும் முதற் பந்தி பத்து மணிக்குத்தான் அமைகின்றது. ஆகவே, பெருநாளின் பத்து மணிப் பந்தி நமது மண்ணுக்கு உரியதே.

அப்பந்தியைச் சுற்றியுள்ள சொற்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. நாம் உணவு வைக்கும் மேசையும், கோப்பைகளை அடுக்கும் அலுமாரியும், கடையில் வாங்கும் பாணும், சமைக்கும் குசினியும், நத்தார் என்ற பெயருங்கூட அவர்களுடைய மொழியிலிருந்து எம்மிடம் வந்தவையே. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரின் வழித்தோன்றல்கள், நடுவிலே துளையுள்ள அச்சில் வேகவைக்கும் ‘புறூடர்’ என்னும் இனிப்புப் பாணை நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் உண்கின்றனர். வெண்ணெயும் பாற்கட்டியும் சேர்த்து உண்ணும் அப்பண்டத்தை மார்கழியில் கொழும்பின் வெதுப்பகங்களில் இன்றும் வாங்கலாம். முதல்நாளே வாங்கிவைக்கக்கூடிய பண்டம் என்பது அதன் சிறப்பு.

கெட்டுப்போன கறி

எமது முதல் முயற்சி வெற்றி பெறவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல்நாளே சமைத்தால் முடிந்தது என்று எண்ணி, மாலை ஐந்து மணிக்கே பெரிய பானையொன்றில் தேங்காய்ப்பால் விட்டுக் கோழிக்கறி ஆக்கினோம். அதனை நன்றாக மூடி மேசைமேல் வைத்துவிட்டு உறங்கினோம். பின் பூசைக்குச் சென்றோம். மறுநாட் காலை மூடியைத் திறந்தபோது மேலே நுரை கட்டியிருந்தது. புளித்த மணம் வீசிற்று. அத்தனையும் நிலத்திற் புதைக்கப்பட்டது. விருந்தினர் பாணும் சம்பலும் உண்டனர். எவரும் அக்கறியை உண்ணாமல் விட்டதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னோம்.

பிழை எங்கே நேர்ந்தது? கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையிலான வெப்பத்தில் விரைவாகப் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் அவற்றுட் சில இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஆழமான பானையில் மூடிவைத்த கறியின் நடுப்பகுதி பல மணித்தியாலம் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். கெடுவதற்கு அதனிலும் ஏற்ற இடம் இல்லை. தேங்காய்ப்பால் சேர்ந்தால் இன்னும் விரைவாகக் கெடும்.

‘மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று கூறுவாரும் உளர். அது முழு உண்மையன்று. அரிசி உணவிலே காணப்படும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறோ இடியப்பமோ வெப்பமான இடத்தில் நெடுநேரம் கிடந்தால் அவ்வித்துகள் முளைத்து ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே, முன்னாயத்தச் சமையலின் முதல் விதி இதுவே: சமைத்த பண்டம் இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குட் சென்றுவிட வேண்டும். விரைவாக ஆறும்பொருட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆழமுடைய அகன்ற தட்டங்களிற் பரப்பி வைத்தல் வேண்டும். தட்டத்தைக் குளிர்நீர் நிறைந்த மற்றொரு பெரிய தட்டத்துள் வைத்தால் இன்னும் நன்று.

எதனை முன்னரே செய்யலாம்?

அவ்வருடத் தோல்விக்குப் பின் அன்னையாரும் நாமும் ஓய்வாக இருந்து ஒவ்வொரு பண்டமாக ஆராய்ந்தோம். அவற்றை மூன்று வகையாகப் பிரித்தோம்.

முதலாவது வகை, வைத்திருப்பதால் நலமடைவன. சீனிச் சம்பல், கேக், வட்டிலப்பம், தேங்காய்ப்பால் சேராத இறைச்சிப் பிரட்டல் என்பன இவ்வகையின. சரக்கும் உப்பும் புளியும் உள்ளே ஊறுவதற்கு ஓர் இரவு தேவை.

இரண்டாவது வகை, வைத்திருப்பதால் நட்டமில்லாதன. இடியப்பம், ஓட்டோடு அவித்த முட்டை, உரித்த வெங்காயம் என்பன இவை.

மூன்றாவது வகை, வைத்தாற் கெடுவன. தேங்காய்ச் சம்பல், சொதி, அப்பம், பொரித்த வடை என்பன இதில் அடங்கும். இவ்வகையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மட்டுமே பெருநாட் பந்தியில் இருக்கலாம். மற்றவற்றை வேறொரு நாளைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

இந்த ஆராய்ச்சியின் பயனாக எமது அப்பச்சட்டி நத்தாரன்று ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் இடியப்பம் வந்தது. பின்வருவன பன்னிரண்டு பேருக்கு உரிய அளவுகளாகும்.

நான்கு நாட்களுக்கு முன்: சீனிச் சம்பல்

பம்பாய் வெங்காயம் ஒரு கிலோவை மெல்லியதாக அரிந்துகொள்க. அடி கனத்த தாச்சியில் கால் போத்தல் எண்ணெய் விட்டு, ஒரு துண்டு கறுவா, நான்கு ஏலக்காய், நான்கு கராம்பு, இரம்பை, கருவேப்பிலை என்பவற்றைத் தாளித்து, வெங்காயத்தைச் சேர்க்கவும். நெருப்பு மெதுவாக எரிதல் வேண்டும். முக்கால் மணித்தியாலம் பொறுமையாகக் கிளறினால் வெங்காயம் சுருங்கிப் பொன்னிறமாகும். பின்னர் இடித்த செத்தல் மிளகாய் மூன்று மேசைக்கரண்டி, மாசித்தூள் 50 கிராம், தேசிக்காயளவு பழப்புளியின் கரைசல், உப்பு என்பவற்றைச் சேர்த்து, நீர் வற்றும்வரை கிளறுக. இறுதியில் மூன்று மேசைக்கரண்டி சீனி சேர்த்து, எண்ணெய் பிரிந்ததும் இறக்குக.

இச்சம்பல் கெடாதிருப்பதன் இரகசியம் நீர் வற்றுவதில் இருக்கின்றது. வெங்காயத்தின் பெரும்பகுதி நீரே. அந்நீர் அகன்று, அதன் இடத்தில் எண்ணெயும் சீனியும் புளியும் உப்பும் நிற்கும்போது நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. அவசரப்பட்டுப் பெருநெருப்பில் வதக்கினால் வெளியே கருகி உள்ளே நீர் நிற்கும். அச்சம்பல் இரண்டு நாளும் தாங்காது. ஆறியபின் உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். ஈரக் கரண்டி படலாகாது. மரக்கறி உணவினர் மாசியை விட்டுவிடலாம்.

முதல்நாட் காலை: வட்டிலப்பம்

சோனகரின் பெருநாட் பந்தியிலே சிறப்பிடம் பெறும் வட்டிலப்பம் இன்று இலங்கையர் எல்லோருக்கும் உரிய இனிப்பாகிவிட்டது. அரைக் கிலோ கித்துள் கருப்பட்டியைச் சீவி, அரைக் கோப்பை நீரிற் கரைத்து, வடித்து, முற்றாக ஆறவிடுக. சூடான பாகு முட்டையிற் பட்டால் முட்டை திரளும் என்பதை மறத்தலாகாது. பத்து முட்டைகளை நுரை எழாதபடி மெதுவாக அடித்து, பாகையும் இரண்டு கோப்பை முதற் பாலையும் ஏலப்பொடியையும் சிறிது சாதிக்காய்த் தூளையும் சேர்த்து மறுபடி வடிக்கவும். கிண்ணத்தில் ஊற்றி, நீராவி சொட்டாதவாறு எண்ணெய்த்தாளால் வாயைக் கட்டி, இளநெருப்பில் முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை அவிக்கவும்.

நெருப்பு மிகுந்தால் முட்டை இறுகித் தன்னுள் உள்ள நீரை வெளியே தள்ளும்; வட்டிலப்பம் துளை துளையாகிவிடும். சிறு துளைகளை விரும்புவோரும் உளர். நீர் பிரிவதை எவரும் விரும்பார். ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். ஓர் இரவு குளிர்ந்த பின் கத்தியால் வெட்டக்கூடிய பதத்தில் இருக்கும்.

முதல்நாட் பிற்பகல்: இறைச்சியும் இடியப்பமும்

இரண்டு கிலோ ஆட்டிறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, இஞ்சி, உள்ளி, மஞ்சள், உப்பு, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் சேர்த்துப் பிசறி ஒரு மணித்தியாலம் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். பின் வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்து, இறைச்சியைச் சேர்த்து, அளவாக நீர் விட்டு, எலும்பிலிருந்து தசை இலகுவிற் கழலும் பதம் வரை வேகவிட்டுப் பிரட்டலாக வற்றவிடுக. தேங்காய்ப்பால் வேண்டாம். இறக்கியவுடன் மேலே சொன்னவாறு அகன்ற தட்டங்களிற் பரப்பி ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியிற் சேர்க்கவும். தீபாவளியை மரக்கறியோடு கொண்டாடும் இல்லங்களில் உருளைக்கிழங்குப் பிரட்டல் இதற்கு ஈடாகும்.

இடியப்பத்துக்கு ஒரு கிலோ வறுத்த அரிசிமா போதுமானது. கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலிலிட்டுத் தட்டுகளிற் பிழிந்து அவிக்கவும். அவிந்தவற்றைச் சுளகில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி ஆறவிட்டு, மூடியுள்ள பெட்டியில் அடுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும்.

மறுநாள் அவற்றைத் தொட்டுப் பார்ப்பவர் மனந்தளர்வர். ஏனெனில், அவை கயிறுபோற் கெட்டியாகியிருக்கும். அஞ்ச வேண்டாம். கெட்டிப்படுதல் வேறு, கெட்டுப்போதல் வேறு. வெந்த மாப்பொருளின் இழைகள் குளிரில் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கிப் படிவதனால் இந்நிலை உண்டாகின்றது. சிறிது நீர் தெளித்து ஐந்து, ஆறு நிமிடம் ஆவியில் வைத்தால் அவ்விழைகள் தளர்ந்து, இடியப்பம் மறுபடி பூப்போல் மென்மையாகிவிடும். பழைய பாணை வாட்டியதும் மென்மையாவது இதே காரணத்தாலேயாம்.

இரவு பூசைக்குப் புறப்படுமுன், பன்னிரண்டு முட்டைகளை அவித்து ஓட்டோடு குளிர்ப்பெட்டியில் வைக்கவும். சொதிக்குரிய வெங்காயம், பச்சைமிளகாய் என்பவற்றை அரிந்து மூடிவைக்கவும். மேசை விரிப்பை விரித்து, கோப்பைகளையும் பீரிசுகளையும் தம்ளர்களையும் எடுத்து வைத்துத் துணியால் மூடிவிடவும். கோப்பை தேடி அலுமாரியைத் துழாவும் நேரத்தைக் கணக்கிட்டால் அதுவும் அரை மணித்தியாலம் வரும்.

காலையில் ஒரு மணித்தியாலம்

இவ்வளவும் முடிந்திருந்தால் காலை ஒன்பது மணிக்கு முன் எவரும் குசினிக்குட் செல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குத் தேங்காய் துருவிப் பால் பிழிக. இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், கருவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு என்பவற்றை வேகவிட்டு, முதற் பாலைச் சேர்த்துத் துழாவுக. ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடுக. அடுப்பில் இருக்கும்போது விட்டாற் பால் திரைந்துபோகும்.

ஒன்பதரை மணிக்கு இறைச்சியைத் தாச்சியிலிட்டு, சிறிது நீர் தெளித்து, எல்லாப் பகுதியிலும் ஆவி பறக்கும்வரை பிரட்டிச் சூடாக்குக. வெறுமனே இளஞ்சூடாக்குதல் ஆகாது. ஒரு முறை சூடாக்கியதை மீண்டும் குளிர்ப்பெட்டியில் வைத்து மீண்டும் சூடாக்குதலும் ஆகாது. வேண்டிய அளவை மட்டுமே எடுக்க வேண்டும். அதே வேளையில் மற்ற அடுப்பில் இடியப்பத்தை ஆவியில் வைக்கலாம்.

பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் முட்டையை உரித்துப் பிளந்து, சீனிச் சம்பலைக் கிண்ணத்திலிட்டு, வட்டிலப்பத்தையும் புறூடரையும் கேக்கையும் கப்பல் வாழைப்பழச் சீப்பையும் மேசையின் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது. தேநீருக்கு நீர் கொதித்துக்கொண்டிருக்கட்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகள்

எல்லா வீடுகளிலும் குளிர்ப்பெட்டி இல்லை. இருந்தாலும் மின்சாரம் எப்பொழுதும் நிச்சயமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றபின் கதவைத் திறவாதிருந்தால் குளிர்ப்பெட்டி ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் வரையே தன் குளிரைக் காக்கும்.

அத்தகைய வீடுகளில் முதல்நாள் இறைச்சி சமைத்தலும் இடியப்பம் அவித்தலும் கூடா. எனினும் வழியுண்டு. சீனிச் சம்பல் முதல்நாளே ஆக்கினால் ஓர் இரவு வெளியில் இருந்தாலும் பழுதில்லை. கேக், பயற்றம் பணியாரம், முறுக்கு என்பன பேணியில் நாட்கணக்கில் இருக்கும். அரிசிமாவை வறுத்து அரித்து வைத்தால், காலையில் இருவர் சேர்ந்து அரை மணித்தியாலத்தில் இடியப்பம் அவித்துவிடலாம். கருவாட்டுப் பிரட்டல் இறைச்சியின் குறையைத் தீர்க்கும். மார்கழி மாதத்து வடகீழ்ப் பருவமழை இரவைச் சற்றுக் குளிர்விக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குளிரை நம்பிக் கறியை வெளியே வைப்பது அறிவுடைமையன்று.

வேலை யாருடையது?

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘காலையில் நின்ற தாயை முதல்நாள் முழுவதும் நிற்க வைத்துவிட்டீர்களே’ என்று ஒரு வாசகி கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானது. வேலையை நாள் மாற்றி வைத்தாற் போதாது. கை மாற்றியும் வைக்க வேண்டும். முன்னாயத்தத்தின் பெரும் பயன் இதுவே. காலைப் பரபரப்பில் பிறரைப் பழக்குவதற்குத் தாய்க்கு நேரமில்லை. ‘நீ தள்ளு, நானே செய்கிறேன்’ என்று சொல்லிவிடுவார். முதல்நாளோ நேரம் உண்டு. பிழைவிட்டால் திருத்தவும் இடம் உண்டு.

எமது வீட்டில் வேலைகளை ஒரு கடதாசியில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினோம். வெங்காயம் உரித்து அரிதல் இளைஞர் இருவருக்கு. கண்ணீர் வடித்தவாறே ஒரு கிலோவையும் அரிந்து முடித்தனர். இடியப்ப உரலை அழுத்துதற்குத் தோள்வலி வேண்டும் ஆதலால் அது மருமகனுக்கு. தேங்காய் துருவுதல் தந்தையாருக்கு. முட்டை உரித்தலும் மேசை அடுக்குதலும் சிறுவர்க்கு. உண்டபின் கோப்பை கழுவுதல் பந்தியில் இறுதியாக எழும்புவோருக்கு, இவ்விதியினால் எல்லோரும் விரைவாக எழும்பிவிடுவரோ என்று அஞ்சினோம், அப்படி நேரவில்லை. அன்னையாருக்கு உரிய வேலை ஒன்றே: உப்புப் பார்த்தல்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். விடுமுறைக்கு வீடு வரும் நீங்கள் புத்தகப் பையை இறக்கியதும் கேட்கும் முதற் கேள்வி ‘அம்மா, சாப்பிட என்ன இருக்கு?’ என்பதாக இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் மாப்பொருள் ஏன் இறுகுகின்றது, பால் ஏன் திரைகின்றது, முட்டை ஏன் உறைகின்றது என்று பாடசாலையிற் கற்பவற்றை உங்கள் குசினியில் ஒரு முறை செய்து பாருங்கள். பாடமும் விளங்கும், அன்னையின் பாரமும் குறையும்.

அன்னையார் அமர்ந்தார்

இரண்டாவது வருட நத்தாரன்று பத்து மணிக்கு எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. பேத்தி தன் அம்மம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் இருத்தினாள். அன்னையார் இருந்தார், உடனே எழுந்தார். கரண்டி இல்லை என்றார், இருந்தது. மறுபடி எழுந்தார். அடுப்பை அணைத்தேனோ என்றார், அணைந்திருந்தது. மூன்றாம் முறை எழும்ப முயன்றபோது பேத்தி அவருடைய சேலைத் தலைப்பை விடாது பற்றிக்கொண்டாள். பின் அவர் எழும்பவில்லை.

சிறிது நேரம் அவர் உண்ணாமல் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேரும் ஒன்றாக இருந்து உண்ணும் காட்சியை அவர் அதுவரை கண்டதில்லை என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. குசினி வாயிலிலிருந்து பார்ப்பவருக்கு மேசையின் ஒரு மூலை மட்டுமே தெரியும்.

பின் தன் கோப்பையிலிருந்த இடியப்பத்தைப் பிய்த்து, “சொதியை இஞ்சால விடு, பிள்ளை” என்றார். அவர் பந்தியிலிருந்து ஒன்றைக் கேட்டதை நாம் அன்றுதான் முதன்முதலிற் கேட்டோம். நான்கு கைகள் ஒரே வேளையிற் சொதிக் கிண்ணத்தை நோக்கி நீண்டன.

வருகின்ற பெருநாள் உங்கள் இல்லத்தில் நத்தாராகவோ, தீபாவளியாகவோ, சித்திரைப் புதுவருடமாகவோ இருக்கலாம். பண்டங்களும் வேறாகலாம். முதல்நாளே ஒரு கடதாசியை எடுத்து, எதை இன்று செய்யலாம், எதை யார் செய்யலாம் என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மேசையில் எத்தனை கோப்பை வைக்க வேண்டுமென்று எண்ணும்போது, அம்மாவின் கோப்பையை முதலில் எண்ணுங்கள்.